பழைய பிரைமரும் என் கையும்

டப்... டப்... டொப். அந்த மூன்றாவது சத்தம் கொஞ்சம் மந்தமாகக் கேட்டது. வெடிச்சத்தம் காதை அடைக்காமலிருக்க மஃப் போட்டிருந்ததால் நான் அதைக் கணக்கெடுக்கவில்லை.

பத்து வருடத்துக்கு முந்திய கதை, நண்பர்களே. அகதியாய் வந்து குடியேறிய சில்க்போர்க் நகரில் பகலில் முதியோர் இல்லத்தில் வேலை, சனிக்கிழமைகளில் பிஸ்டல் கிளப். எங்கள் ஆட்களுக்கு இது பெரிய அதிசயம். “சண்டைக்குப் பயந்து ஓடிவந்து இஞ்சை துவக்குத் தூக்கிறியோ?” என்று கேட்காத ஆள் இல்லை.

சுடுவது நான். பெர்மிட் எடுத்து, சுட்டு முடிந்த வெற்றுத் தோட்டாக்களை வீட்டில் திரும்ப நிரப்புவது என் கணவர். வெடிமருந்தை மில்லிகிராம் கணக்கில் நிறுப்பார். தேத்தண்ணிக்குச் சீனி போடும்போது மட்டும் அந்தக் கை எங்கே போகுமோ தெரியாது.

அந்த வசந்தத்தில் கிளப் டீமுக்கு என்னைத் தெரிவு செய்திருந்தார்கள். அதோடு பிடித்தது சனி... இருபத்தைந்து மீட்டரில் ஒரு குண்டு நடுவில், அடுத்தது மேலே, அதற்கடுத்தது கீழே.

“உம்மட கைதான் நடுங்குது. வேலை கூடிப்போச்சு,” என்றார் அவர்.

நானும் நம்பிவிட்டேன். அம்மாவுக்கும் கை நடுக்கம் இப்படித்தான் தொடங்கியது. வேலையில் மருந்துக் குளிசை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். பயந்துபோனேன் என்றே சொல்லவேண்டும். கடைசியில் டீமிலிருந்து நானாகவே விலகிக்கொண்டேன்.

அடுத்த சனி, வீட்டுத் தோட்டாவை மறந்துபோய்விட்டு கிளப்பில் ஒரு பெட்டி ஃபேக்டரித் தோட்டா வாங்கிச் சுட்டேன். பத்துக் குண்டும் ஒரு கோப்பித் தட்டு அளவு வட்டத்துக்குள் அடங்கின!

சுட்ட குறி அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய் அவர் முன்னால் மேசையில் வைத்தேன். “என்ர கை நடுங்கேல்லை. நீங்கள் என்னத்தைப் போட்டு நிரப்பினீங்கள்?”

அவர் எழும்பிப்போய் அலுமாரியைத் திறந்தார். கிளப்பை விட்டுப் போன ஒருவர் கொடுத்த பிரைமர் பெட்டிகள், வருடக்கணக்கில் ஈரமான கராஜில் கிடந்தவை. பிரைமர் என்பது தோட்டாவின் அடியில் இருக்கும் குட்டி மூடி. துவக்கின் ஊசி அடித்ததும் பொறி கொடுத்து மருந்தைப் பற்றவைப்பது அதுதான். பழசானால் பொறி ஒன்றில் பலம், ஒன்றில் நலிவு. குண்டின் வேகமும் அப்படியே மாறும்.

“எறிய மனம் வரேல்லை. புதுசோட கலந்து முடிப்பம் எண்டு...”

“கலந்தோ?”

“நீர் மிளகாய்த்தூள் கலக்கிறனீர்தானே? பழைய தூள் வீணாகக்கூடாதெண்டு புதுசுக்குள்ள போடுறேல்லையோ?”

எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. அந்தப் பழக்கத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்தானே. ஆனால் டீமில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். அது இன்றைக்கும் மனதில் உறுத்தும்.

இப்போது வீட்டில் பழைய பிரைமர் ஒன்றுகூட இல்லை. வாங்கிய திகதியைப் பெட்டியில் எழுதி, உலர்ந்த இடத்தில்தான் வைக்கிறார். தோட்டாவில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

இப்போது நடுங்குவது உண்மையாகவே என் கைதான். டாக்டரும் சொல்லிவிட்டார்... இவருக்கும் தெரியும்.

போன சனியும் குண்டுகள் சிதறின. அவர் அட்டையைப் பார்த்தார், என் கையைப் பார்க்கவில்லை.

“தோட்டாப் பெட்டியை இஞ்சை தாரும். பிரைமர் பழசாக்கும்,” என்றார்.

“ஓம், அப்பிடித்தான் இருக்கும்,” என்று நானும் எடுத்துக் கொடுத்தேன்.