புதன்கிழமைக்காரி

ஷ்வேடகன் பகோடாவின் சலவைக்கல் தரை உள்ளங்காலைச் சுடுகிறது. கீழே டாக்சி நிற்கிறது. விமானத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம்கூட இல்லை. லாக்பாவோ தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்தபடி அசையாமல் நிற்கிறாள்.

சென்னையில் என்னோடு வேலை பார்க்கிற திபெத்தியப் பெண் அவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், வீட்டுக் கதை மட்டும் பேச மாட்டாள். லாக்பா என்றால் புதன்கிழமை. அவர்கள் பக்கம் பிறந்த கிழமையையே பிள்ளைக்குப் பெயராக வைத்துவிடுவது உண்டு. இந்தப் பர்மியக் கோயிலில் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு மூலை இருக்கிறது. அவரவர் பிறந்த கிழமையின் மூலைக்குப் போய், அங்கிருக்கும் புத்தருக்கும் கிழமை விலங்குக்கும் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

"புதன்னா காலையா, மத்தியானமா?" என்று கேட்கிறார் மா செல்வி. 'மா' என்றால் இங்கே அக்கா மாதிரி. இதே ஊரின் தின்கன்ஜூன் பகுதியிலிருந்து இங்கே பெருக்கும் சேவைக்கு வந்திருக்கிற தமிழ்ப் பெண்மணி. "காலைன்னா தெக்கால, தந்தம் வச்ச யானை. மத்தியானத்துக்கு மேலன்னா வடமேக்கால, தந்தமில்லாத யானை."

"அது தெரியாதே," என்கிறாள் லாக்பா.

"அம்மாவுக்குப் போன் போட்டுக் கேளேன்." அவசரத்தில் சொல்லிவிடுகிறேன்.

"நாலு வயசுல என்னை எல்லை தாண்டி அனுப்பிட்டாங்க. இப்ப இருக்காங்களான்னே தெரியல. கூட வந்தது இந்தப் பேர்தான்."

போனில் மறுபடி மணி பார்க்கிறேன். மா செல்வி துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு என் பக்கம் திரும்புகிறார்.

"உங்களுக்கு என்ன கிழமைம்மா?"

"தெரியாது. கேட்டதில்ல."

"அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க."

லாக்பா என் கையிலிருக்கும் போனைப் பார்க்கிறாள்.