ஹில்ட்ரூட் வாசித்த ஒரே மாலை

ஓய்வூதியக் கடிதத்தில் ஹில்ட்ரூட் வென்ஸ்கேயின் பதவி "இசைக்குழுவின் தனிப் பியானோ கலைஞர்" என்று இருக்கிறது. உண்மையில், ஜெர்மனியின் லைப்சிக் நகருக்கு வரும் நட்சத்திரப் பியானோ கலைஞர்கள் மாலையில்தான் வந்து இறங்குவார்கள் என்பதால், பதினெட்டு வருடமாகக் காலை ஒத்திகையில் அவர்கள் இடத்தில் உட்கார்ந்து வாசித்தவர் அவர். குழுவுக்குப் பழக வேண்டுமே என்று, வரப்போகிறவரின் ஒலிப்பதிவைக் கேட்டு அச்சாக அவரைப் போலவே வாசிப்பார்.

"இவ்வளவு நல்லா வாசிக்காதீங்க மேடம், சாயங்காலம் வர்றவரு கோவிச்சுக்குவாரு" என்பார் இசை நடத்துநர் ஓர்த்லீப். வயலின்காரர்கள் சிரிப்பார்கள். ஹில்ட்ரூட்டும் சிரித்துவைப்பார்.

ஒரு நாள் மாலை ஐந்து மணிக்கு, அன்று வாசிக்க வரவேண்டிய நட்சத்திரம் கிரேப்னருக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தது.

"இன்னிக்கு நீங்கதான் மேடம். உங்க இஷ்டப்படி வாசிங்க" என்றார் ஓர்த்லீப்.

தனக்கென்று ஒரு வாசிப்பு உள்ளே பத்திரமாக இருப்பதாக ஹில்ட்ரூட் அத்தனை வருடமும் நம்பியிருந்தார். மேடையில் உட்கார்ந்து அதைத் தேடினார். அதற்குள் கைகள் காலையில் போன வழியிலேயே கிளம்பிவிட்டன.

"கிரேப்னரே வந்திருந்தாலும் இப்படித்தாங்க இருந்திருக்கும்!" என்றார் ஓர்த்லீப், கச்சேரி முடிந்ததும். பாராட்டாகத்தான் சொன்னார்.

கிரேப்னர் வழக்கமாக வேகம் குறைக்கும் இடத்தில் ஹில்ட்ரூட்டும் வேகம் குறைத்திருந்தார். அவர் வழக்கமாகத் தவறவிடும் இரண்டு சுரங்களையும் தவறவிட்டிருந்தார்.