எண்டிங்கன்: ஆளில்லாத யூதக் கோயிலின் மணி

சுவிஸில், லாங்கன்தாலில் எங்கள் பிள்ளையார் பழைய தொழிற்சாலை மண்டபமொன்றில் வாடகைக்கு இருக்கிறார். வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பத்துப் பேர் சேர்ந்தாலே பெரிய காரியம். மண்டபத்தை மூடிவிட்டு அவரைப் பக்கத்து நகரக் கோயிலுக்குக் கொண்டுபோவதா என்று ஒக்டோபர் கடைசி ஞாயிறு கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும். மூடவே கூடாது என்று நின்றவள் நான். ஆட்கள் போன பிறகும் ஒரு கோயில் நிற்கும் என்று கண்ணால் பார்க்க, அதற்கு முந்திய வியாழன் கணவரோடு எண்டிங்கனுக்குப் புறப்பட்டேன்.

ஓல்டனில் மாறி பாடன் வரை ரயிலில் ஒரு மணித்தியாலம், அங்கிருந்து பஸ். நெடுங்காலம் சுவிஸில் யூதர்கள் குடியிருக்க முடிந்தது லெங்னவ், எண்டிங்கன் என்ற இந்த இரண்டு ஊர்களில்தான். எங்கும் குடியேற உரிமை கிடைத்ததும் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். அந்தக் காலத்து வீடுகள் இன்னும் நிற்கின்றன, ஒரே வீட்டுக்கு அருகருகே இரண்டு வாசல்கள்: ஒன்று யூதருக்கு, மற்றது கிறிஸ்தவருக்கு.

லெங்னவில் இறங்கி நடந்தோம். இரண்டு ஊர்களுக்கும் நடுவில், மரங்களுக்குள் அவர்களுடைய மயானம். பார்த்துவிட்டு எண்டிங்கன் கோயில் வாசலுக்கு வந்த பிறகுதான், மயானம் போன தீட்டோடு நிற்கிறேன் என்று உறைத்தது. படியில் நின்றுவிட்டேன்.

“இஞ்சை ஆர் உம்மடை துடக்கைப் பாக்கப் போகினம்? ஒருதரும் இல்லையே” என்றார் இவர்.

“ஆக்கள்தான் இல்லை” என்றேன்.

கோயில் கதவைத் திறக்கத் திறப்போடு வந்த ஊர்க்காரப் பெண்மணி விஷயத்தைக் கேட்டார். மயானம் போய் வந்தால் யூதர்களும் கை கழுவுவார்கள் என்று சொல்லி, தெருக்குழாயைக் காட்டினார். கைகால் முகம் கழுவி உள்ளே போனோம்.

வெளியே படிப்படியாக ஏறும் முகப்பு, அதில் மணிக்கூடு. ஊரில் தேவாலயம் இல்லாததால் இந்தக் கோயில்தான் ஊருக்கே மணி சொல்கிறது. பெண்களுக்கான மேல்மாடத்தில் தனியாக உட்கார்ந்தேன். உட்காரும் வாங்குகளில் தூசி இல்லை. எல்லாம் யாரோ வரப்போவதுபோல் ஒழுங்காக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

மூன்று மணி அடித்தது. பழக்கத்தில் எழுந்து கைகூப்பிவிட்டேன். கீழே ஒரு அசைவும் இல்லை. மணி ஓய்ந்த பிறகும் கையை இறக்கப் பயந்து நின்றேன். மேலே வந்த இவர், “ஆரைப் பாத்துக் கும்பிடுறீர்?” என்று பகிடியாகக் கேட்டார். அப்போதுதான் கையை இறக்கினேன்.

போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கோயில் பூட்டித்தான் இருக்கும். சனிக்கிழமை அவர்களுடைய ஓய்வுநாள், தவிருங்கள். கோயிலை முதலில் பாருங்கள், மயானத்தைக் கடைசியில். ஆளுக்கு முப்பது பிராங்குக்குள் முடிந்தது, சாப்பாடு கட்டிக்கொண்டு போனதால்.

ஞாயிறு கூட்டத்தில், கொண்டுபோகச் சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றபோது நானும் தூக்கினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளையாரை அப்படித் தனிய விட எனக்கு மனம் வரவில்லை.