மேல்காற்றில் இறங்கும் ட்ரோன்

மருந்தடிக்கிற ட்ரோனை வாடகைக்கு விடும் தொழிலில், ஏற்றிவிடுவது ஒரு விரல் வேலை. இறக்குவதில்தான் உயிர் போகும். அதிலும் கம்பம் பள்ளத்தாக்கில், ஆடி மாதத்தில். டிராக்டரோ அறுவடை மிஷினோ, எதையாவது வாடகைக்கு விட்டுத் திட்டு வாங்குகிற அத்தனை பேரும் நம்ம ஆளுகள்தான் என்பதால் மனம்விட்டுச் சொல்கிறேன். எங்களிடம் இருப்பது ஒரே ட்ரோன். வாடகை பேசுவது நான். ஓட்டுவது என் மனைவியின் தம்பி யூசுப்; லைசென்ஸும் அவனிடம்தான்.

வரப்பில் ஒரு கால்

கோம்பையில் நிலக்கடலைக்கு மருந்து. வெயில் ஏறியதுமே மேற்கேயிருந்து மேல்காற்று விட்டு விட்டு வீசியது. களத்தில் இறக்கலாம் என்றான் யூசுப். அங்கே மிளகாய் காய்கிறது, பறந்துவிடும் என்றார் தோட்டக்காரர். செடிமேலும் கூடாதாம். மிச்சம் வரப்புதான். தரையைத் தொடப்போகிற நேரம் பக்கவாட்டில் ஒரு வீச்சு. ஒரு கால் வரப்பில், இன்னொன்று அந்தரத்தில். குப்புறச் சாய்ந்து இரண்டு இறக்கை முறிந்தது. தோட்டக்காரரைப் பார்த்து வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் மிளகாயைத் துழாவிக்கொண்டே சொன்னார்:

"என்னைய எதுக்கு வையிறீக? மேகாத்து என்ன, என் தோட்டத்துலயா மொளைச்சுச்சு?"

தென்னை மறைப்பு

அடுத்தது ஒரு வாழைத் தோட்டம். இந்த முறை நானே இடம் பார்த்தேன். காற்று வரும் பக்கம் தென்னந்தோப்பு. அதன் மறைவில் இறக்கச் சொன்னேன். "மரத்துக்கு மேல ஒரு காத்து, கீழ ஒரு காத்து மச்சான், வேணாம்" என்றான். ஒரு அதட்டுப் போட்டேன். காற்றை எதிர்த்துச் சாய்ந்தபடியே வந்தது மிஷின். மரத்தளவுக்குக் கீழே வந்ததும் காற்று பட்டென்று நின்றது. சாய்ந்த வேகத்தில் தோப்புக்குள்ளேயே பாய்ந்து, மட்டையில் மோதி விழுந்தது. யூசுப் உடைந்ததைப் பொறுக்கி எடுத்துவிட்டு, நிதானமாகச் சொன்னான்:

"இன்னொரு தடவ நீங்க இடம் சொன்னா, ரிமோட்டையும் நீங்களே பிடிச்சுக்கங்க. நான் எங்க அத்தாவோட பலசரக்குக் கடைக்கே போயிருறேன்."

அவன் போனால் ட்ரோன் பரணுக்குத்தான்.

அனுமந்தன்பட்டி நெல்

பெரிய வயல். முதல் நாளே வாடகையை விட்டுக்கொடுக்காமல் பேசி முடித்திருந்தேன். போய் நின்றால், பயிர் தரையோடு படுத்துப் படுத்து எழுகிறது. யூசுப் ட்ரோனை வண்டியை விட்டு எடுக்கவே இல்லை. என் முகத்தையே பார்த்தான். "புகையான் பூச்சி தின்னுக்கிட்டிருக்கு. ஏத்துறீகளா, வேற ஆளக் கூப்பிடவா?" என்றார் வயல்காரர். எனக்குச் சுள்ளென்று ஏறியது. வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு மச்சினனிடம் கேட்டேன், "எப்ப எறக்கலாம் மாப்ள?"

"விடியக்காலம் மச்சான். அப்ப காத்து அசந்திருக்கும். வாய்க்கா ஓரத்துல எறக்கிரலாம்."

விடியும்வரை பொறுக்கச் சொல்லி, வாடகையிலும் நானாகவே குறைத்தேன். வயல்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்:

"நேத்து நான் மூணு டீ வாங்கிக் குடுத்தும் ஒரு ரூவா குறைக்கல. இன்னைக்கு மச்சினன் மூஞ்சியப் பாத்ததும் குறைக்கிறீகளே!"

மறுநாள் வாய்க்கால் ஓரத்தில் ட்ரோன் கொக்கு மாதிரி இறங்கியது. இப்போதும் வாடகை பேசுவது நான்தான். ஆனால் எங்கே, எப்போது இறக்குவது என்ற பேரத்தில் யூசுப்பிடமிருந்து இதுவரை ஒரு சாண் இடம்கூட நான் வாங்கியதில்லை.