எழுபத்தஞ்சு அக்கா

என் அக்காவுக்கு எங்கள் வீட்டில் 'எழுபத்தஞ்சு' என்று பட்டப்பெயர். வைத்தது நான்தான். பத்து வயது, அவ்வளவு வாய்க்கொழுப்பு. அவள் கோபப்படாமல் "என்னடா?" என்று சிரித்தபடி திரும்புவாள். அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள். எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அக்கா மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, பாடத்தில் பின்தங்கிய பிள்ளைகளைச் சோதிக்க ஒரு மனநல நிபுணர் பள்ளிக்கு வந்தார். கட்டைகளை அடுக்கச் சொன்னார், எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார். பிறகு ஒரு தாள் வீட்டுக்கு வந்தது. மன வயது ஆறு, வயது எட்டு. ஆறை எட்டால் வகுத்து நூறால் பெருக்கினால் எழுபத்தைந்து. அதற்கு நுண்ணறிவு ஈவு என்று பெயராம். ஈவு இருந்தது, இரக்கம்தான் இல்லை. அவளைத் தனி வகுப்பில் உட்காரவைத்துக் காகிதம் வெட்டவும் மணி கோக்கவும் பழக்கினார்கள். பதினாறு வயதானதும் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் சேர்ந்துவிட்டாள்.

நாற்பத்திரண்டு வருடம் அங்கே உழைத்தாள். எந்த வார்டுக்கு எத்தனை விரிப்பு போனது, எத்தனை திரும்பவில்லை என்று நோட்டைப் பார்க்காமல் சொல்வாள். கிழிசலைத் தைத்த தையலை வைத்தே அது எந்த வார்டு விரிப்பு என்று கண்டுபிடிப்பாள். மேற்பார்வையாளர் வேலை மூன்று தடவை அவளைத் தேடி வந்தது. மூன்று தடவையும் வேண்டாம் என்றாள்.

"எனக்கு எதுக்குடா அதெல்லாம்? நான்தான் எழுபத்தஞ்சாச்சே."

பெண் பார்க்க வருகிறோம் என்றவர்கள் விசாரித்துவிட்டு வராமலே போனபோதும் இதையேதான் சொன்னாள்.

போன மாதம் அம்மா போய்ச் சேர்ந்தாள். அவளுடைய பெட்டியை ஒழிக்கும்போது அக்காவின் பிறப்புச் சீட்டு கிடைத்தது. பள்ளியில் கொடுத்த வருடத்துக்கு இரண்டு வருடம் பிந்தி அதில் போட்டிருந்தது. ஏதோ எழுத்துப்பிழை என்று நினைத்துச் சித்தியிடம் காட்டினேன். சித்தி என் முகத்தையே பார்க்கவில்லை.

"உங்கம்மா வேலைக்குப் போகணும்னு சொன்னா. கைக்குழந்தை உன்னை நான் பாத்துக்கறேன்னேன். ரெண்டு பேரையும் என்னால முடியாதுன்னுட்டேன். அதான் அக்காவோட நாலு வயசை ஆறுன்னு எழுதிக் கொடுத்து ஸ்கூல்ல சேர்த்துட்டா. எல்லாரும் செய்யறதுதானே."

"அந்தத் தாள் வந்தப்பவாவது சொல்லியிருக்கலாமே சித்தி?"

"சொன்னா ஸ்கூல்ல பேரை அடிச்சிடுவாங்கன்னு பயந்தா. நாள் ஆக ஆக, சொல்லவே வாய் வரல."

எல்லாரும் செய்கிறதாம், மண்ணாங்கட்டி! அம்மா மேல் வந்த ஆத்திரத்தைக் காட்ட அம்மா இல்லை. அக்காவிடம் சொல்வதா, விடுவதா என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சொன்னால் உடைந்துபோவாள். சொல்லாவிட்டால், அம்மா செய்ததையே நானும் செய்கிறேன் என்றாகிவிடும்.

மூன்றாம் நாள் அக்காவின் அறைக்குப் போனேன். துவைத்த துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். சீட்டைக் கையில் கொடுத்து, சித்தி சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். அன்றைக்குச் சரியான வயதைப் போட்டிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று காட்ட ஃபோனை எடுத்தேன்.

"எதுக்குடா ஃபோன்? எனக்கு அப்ப ஆறு வயசு. ஆறை ஆறால வகுத்தா ஒண்ணு. நூறு" என்றாள்.

துண்டின் ஓரத்தை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"அம்மாவுக்கு இது தெரியும், இல்ல?"

"தெரியும்க்கா."

"அதான், நீ என்னை அப்படிக் கூப்பிடறப்பல்லாம் அம்மா எழுந்து போயிடுவாங்களா? என்னைப் பாத்து வெக்கப்படறாங்கன்னு நான் நெனச்சிட்டேன்டா."