சந்திரன் பார்க்காத கொடி

அழகேசனுக்குக் கொடி காட்டும் வேலை. தீவின் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில், பழுதான படகுகளைக் கரையேற்றும் ஸ்லிப்வேயில், தண்ணீரோரம் நின்று பச்சைக் கொடியை வீசுவார். மேலே கொட்டகையில் இருக்கும் வின்ச் உடனே கம்பி வடத்தைச் சுற்றும். படகு தண்டவாள வண்டியோடு மேலேறி வரும். எழுபதாம் வருஷம் அந்த வின்ச்சுக்கு அவருடைய மகன் சந்திரனே டிரைவராக வந்தான். புதிதாகக் கல்யாணம் ஆனவன். அழகேசனுக்கு உள்ளூரப் பெருமைதான்.

அன்று வந்தது ஒரு பெரிய லாஞ்ச் படகு. கடல் ஏறி நிற்கும்போதே இழுத்துவிட வேண்டும். அழகேசன் கொடியை வீசி இறக்கினார். வடம் அசையவில்லை. இன்னொரு தரம் வீசுவது தனக்குக் குறைச்சல் என்று விறைத்து நின்றார். தண்ணீர் வடிய, லாஞ்ச் வண்டியில் ஒருக்களித்துச் சாய்ந்தது.

விறுவிறுவென்று கொட்டகைக்கு ஏறினார். சந்திரன் வின்ச்சின் கைப்பிடியை விடாமல் உட்கார்ந்திருந்தான்.

"ஸோத்தா ஹை க்யா?" அங்கே வேலை செய்த வங்காளி, தெலுங்கர் எல்லோருக்கும் புரியட்டும் என்றே இந்தியில் கத்தினார். "தூங்குறியாடா?" கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

"நீங்க காட்டுவீங்கன்னுதான்ப்பா பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றான் சந்திரன்.

ஃபிட்டர் ராஜமாணிக்கம் குறுக்கே வந்தார். "அண்ணே, நீங்க கொடி வீசுறப்ப அவன் ஜன்னல்லயே இல்ல. கீழ குனிஞ்சு பல்சக்கரத்துக்கு கிரீஸ் வச்சுக்கிட்டு இருந்தான். அப்புறந்தான் வந்து உக்காந்தான்."

சுற்றி நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். அழகேசனுக்கு உள்ளங்கை இன்னும் எரிந்தது. அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அடுத்த படகு வந்த அன்று அதே ஆட்கள் முன்னால் மகனிடம் சொன்னார்: "நீ உக்காந்ததும் ஜன்னல்ல ஒரு வெள்ளைத் துணியத் தொங்கவிடு. அதப் பாத்தப்புறந்தான் கொடி எடுப்பேன். வடம் அசையற வரைக்கும் கொடிய இறக்க மாட்டேன். தப்பு என் மேலதான்."

"சரி" என்றான் சந்திரன். அவ்வளவுதான்.

அதன்பின் ஒரு படகும் நின்றுபோகவில்லை. ஆனால் டெய்ரி ஃபார்ம் பகுதியில் இருந்த வீட்டில் மருமகள் இந்திராணி சோறு போடும்போது அழகேசன் தட்டைவிட்டுத் தலை நிமிர்வதில்லை. அவள் காதுக்கும் விஷயம் போயிருந்தது.

மழைக்காலம் முடிந்ததும் சந்திரன் தனி வீடு பார்த்தான். கோபம் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. கிளம்பும்போது அழகேசன் டிரங்குப் பெட்டியைத் தூக்கக் குனிந்தார்.

"இருக்கட்டும்ப்பா" என்று அவனே தூக்கிக்கொண்டு நடந்தான்.