நான் கழுவிய இரண்டு டிரே

எனக்கு எழுபத்தொரு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று நான் பெற்றது, இரண்டு என் தங்கச்சி விட்டுப்போனது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன்; எழுதியதைப் பேத்தி கனி படித்துக் காட்டுவாள். இதை எழுத ஒன்பது நாள் ஆயிற்று. ஆகட்டும்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வெளுக்கும் பிளீச்சிங் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் நின்றுவிட்டேன். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில், பள்ளிப் பிள்ளைகளுக்கு சயின்ஸ் ஒர்க்‌ஷாப் நடத்தும் இடத்தில் சேர்ந்தேன். தண்ணீர் சாம்பிள் கொண்டுவருவதும் சாமான் கழுவுவதும் என் வேலை.

1. முதல் நாள்

வெள்ளை டிரேக்களில் பாசி படிந்திருந்தது. பிளீச்சிங் பவுடரைக் கொட்டித் தேய்த்தேன். பாடம் நடத்தும் சார் அதில் செண்பகத்தோப்பு ஓடைத் தண்ணீரை ஊற்றி, ஓடைக் கல்லுக்கு அடியில் பிடித்த, மூன்று வால் உள்ள சின்னப் பூச்சிகளை விட்டார். நல்ல தண்ணீரில்தான் அது இருக்குமாம். பிள்ளைகள் லென்சை எடுப்பதற்குள் எல்லாம் சுருண்டுவிட்டன.

“ஆச்சி, எதைப் போட்டுக் கழுவுனீங்க?”

“பிளீச்சிங் பவுடர் சார். பளபளன்னு இருக்குல்லா.”

“பளபளன்னுதான் இருக்கு. உள்ள ஒரு உசுரு இல்ல.”

நாற்பது பிள்ளைகளும் சிரித்தன. தப்பு என்னுடையது, ஒத்துக்கொண்டேன். அன்றிலிருந்து தேங்காய் நாரும் வெறும் தண்ணீரும்தான்.

2. முதலாளி வந்த நாள்

டிரே, லென்ஸ் எல்லாம் வாங்கிக் கொடுத்தவர் நான் வேலை பார்த்த கம்பெனியின் இப்போதைய முதலாளி. அவர் பார்வையிட வந்தார். ஓடைத் தண்ணீர் ஒரு கேன், ஊர் வாய்க்கால் தண்ணீர் ஒரு கேன் கொண்டுவரச் சொல்லியிருந்தார் சார். எந்த வாய்க்கால் என்று சொல்லவில்லை. என் வீட்டை ஒட்டி ஓடுவது கம்பெனியின் பின்வாசலிலிருந்து வரும் வாய்க்கால். அதில் எடுத்தேன். எந்த இடம் என்று சீட்டு ஒட்டுவது அங்கே வழக்கம். நானே எழுதி ஒட்டினேன்.

இரண்டு டிரேயிலும் பத்துப் பத்துப் பூச்சி விட்டார்கள். ஓடைத் தண்ணீரில் எல்லாம் நீந்தின. வாய்க்கால் தண்ணீரில் கால் மணி நேரத்தில் ஒன்றும் அசையவில்லை. முதலாளி சீட்டைப் படித்தார். சாரைப் பார்த்தார்.

சார் சிரித்துச் சமாளித்தார். “அது ஒண்ணுமில்ல சார். இந்த ஆச்சி பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிருவாங்க. முன்னாடியும் இப்படித்தான் செஞ்சாங்க.”

வேலை போனால் போகட்டும், செய்யாததை என் தலையில் கட்ட விடமாட்டேன்.

“சார், ரெண்டு டிரேயும் நான்தான் கழுவுனேன். ஓடைத் தண்ணியில மட்டும் எப்படி உசுரோட நீந்துது?”

“ஆச்சி, செத்த பேசாம இருங்க.”

“இருக்க மாட்டேன். பூச்சி இன்னும் வாளியில இருக்கு. பிள்ளைகளே கழுவட்டும். நான் தொடவே மாட்டேன்.”

தளவாய்புரத்துப் பிள்ளை ஒருத்தி, பேர் மாரீஸ்வரி, சார் வாய் திறப்பதற்குள் எழுந்து புது டிரே இரண்டைக் கழுவிக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதே கால் மணி நேரம். ஓடையில் பத்து. வாய்க்காலில் ஒன்றுமில்லை.

முதலாளி என்னிடம் கேட்டார்: “நீ முன்னால யாருட்ட வேல பார்த்தவ?”

“ஒங்க அப்பாட்ட. இருபத்திரண்டு வருஷம். அந்த வாய்க்கால் வாடை எனக்குத் தெரியாதா?”

அவர் சாப்பிடாமல் கிளம்பினார். அந்த வாய்க்கால் பேரைப் பிள்ளைகள் நோட்டிலிருந்து அழிக்கச் சொன்னார் சார். “பேனால எழுதிட்டேன் சார்,” என்றாள் மாரீஸ்வரி.

“ஆச்சி, நாளைக்கு வரவேண்டாம்,” என்றார் சார்.

மறுநாள் எட்டரைக்கே போய்விட்டேன். டிரேக்கள் தொட்டியில் கிடந்தன. கழுவினேன். சார் வாசலில் வந்து பார்த்தார். பிறகு தண்ணீர் எடுக்கும் இரண்டு காலிக் கேன்களைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். இன்றைக்கும் வேலைக்குப் போகிறேன்.

வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். செய்த தப்பை நாலு பேர் முன்னால் ஒத்துக்கொள்ளுங்கள். செய்யாததை நாற்பது பேர் முன்னால் வைத்து மறுங்கள். முதலாவதைச் செய்திருந்ததால்தான் இரண்டாவதற்கு எனக்கு வாய் வந்தது.

ஏட்டி கனி, இங்க வா. இத மொதல்லருந்து சத்தமா படி. பவுடர் போட்டுப் பூச்சியக் கொன்னேன்ல, அந்த எடத்த விட்டுட்டுப் படிக்காத.